பிரித்தாலும் சமம்

கேள்விதானே கேட்டேன், கல்லையா எறிந்தேன், என்று இந்த பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், எதிரில் யாரோ நின்று மறுப்பது போலவும் நான் மடக்குவது போலவும், ஆனால் எதிரில் யாரும் இல்லை, கறுப்புக் கண்ணாடிக் கதவு மட்டும் இருக்கிறது, உள்ளே இருப்பவர்களுக்கு நான் தெரிவேன், எனக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள், அப்படிப்பட்ட கண்ணாடி. அதில் 'முதல்வர்' என்று வெள்ளை எழுத்து ஒட்டியிருக்கிறார்கள், எழுத்துக்குப் பின்னால் என் முகம், நெற்றியில் அந்த எழுத்தின் ஒரு புள்ளி வந்து உட்கார்ந்திருக்கிறது, கொஞ்சம் நகர்ந்தால் விலகும். நகரவில்லை. தலைக்கு மேலே கேமரா இருக்கிறது. நகர்ந்தால் நகர்ந்தது தெரியும், நகராவிட்டால் பயந்து உட்கார்ந்திருப்பது தெரியும். அப்பா வந்துகொண்டிருக்கிறார். "கோவமே இல்ல கண்ணு," என்றார் முதல்வர் மேடம், மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்துக்கொண்டே, "அப்பாவ ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லியிருக்கேன், அவ்வளவுதான், வெளிய உக்காந்துக்க." அந்தக் கண்ணுதான் எனக்குப் பிடிபடவில்லை. மேடம் எல்லாப் பெண்களையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார், போன வருஷம் டி.சி. கொடுத்து அனுப்பிய பெண்ணைக்கூட வராந்தா முடியும்வரை கூடவே வந்து, பார்த்துப் போ கண்ணு, வெயிலா இருக்கு, என்றாராம். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். எனக்குத் திருப்பிப் பேசத் தெரியும், அது ஒன்றுதான் எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து வாயாடி என்று வாங்கிய பெயரை வீணாக்கினதில்லை. கண்ணு என்றால் என்ன திருப்பிச் சொல்வது?

நடந்தது இவ்வளவுதான். மூன்றாம் வருஷ வரலாறு, மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியட், அமெரிக்க வரலாறு. தனசேகர் சார் எப்போதும்போல நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். சார் பாடம் நடத்துவதில்லை, நோட்ஸ் சொல்வார், எங்கள் கல்லூரியில் எல்லோரும் அப்படித்தான், நல்லா நோட்ஸ் குடுப்பார் என்பதுதான் இங்கே ஒரு வாத்தியாருக்குக் கிடைக்கிற பெரிய பட்டம். தலைப்பு, கோடு போட்டுக்குங்க, என்பார், எல்லோரும் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போடுவோம், முற்றுப்புள்ளி, அடுத்த வரி, என்பார், எல்லாப் பேனாவும் ஒன்றாக அடுத்த வரிக்குப் போகும். உள்நாட்டுப் போர் அப்படித்தான் வந்து போனது, செத்தவர்கள் எல்லாம் ஒரு கமாவுக்குப் பக்கத்தில் செத்தார்கள். அடிமைமுறை ஒழிந்தது, முற்றுப்புள்ளி, அடுத்த வரி. இப்படி எழுதும்போதெல்லாம் எனக்குள் ஏதோ அரிக்கும், ஒழிந்தது என்றால் எப்படி ஒழிந்தது, காலையில் எழுந்து பார்த்தபோது காணோமா, என்று கேட்கத் தோன்றும், கேட்டால் சார், அது சிலபஸ்ல இல்லம்மா, என்பார். இன்றைக்கு வந்தது ரயில் வழக்கு. வெள்ளைக்காரருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு ஒரு பெட்டி, கறுப்பர் ஒருவர் வெள்ளைக்காரர் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார், எழுந்து அந்தப் பெட்டிக்குப் போ என்றார்கள், எழுந்திருக்கவில்லை, கைது, உச்ச நீதிமன்றம். "தீர்ப்பு, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு, கோடு போட்டுக்குங்க. பிரித்து வைத்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் அது பாகுபாடு ஆகாது. அடைப்புக்குறிக்குள்ள, பிரித்தாலும் சமம். முக்கியம், அஞ்சு மார்க்." அந்த அடைப்புக்குறியை மூடப் போன இடத்தில் என் பேனா நின்றது. கை தானாக மேலே போனது. சத்தியமாகத் தானாகத்தான் போனது, ஆனால் வாய் தானாகத் திறந்தது என்று சொல்ல மாட்டேன், அது நான் திறந்தது. "சார், நம்ம காலேஜ் படிக்கட்டு மாதிரிங்களா?"

சிரித்தார்கள். பசங்கள் பக்கம் கடைசி பெஞ்சில் ஆரம்பித்தது, நடுவில் இருக்கிற நடைபாதையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது, முன் பெஞ்சில் தலை நிமிராமல் எழுதுகிற பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் அந்த அறையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை, அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது, கேள்விக்காக இல்லை, சிரிப்புக்காக. சார் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கரும்பலகைக்கு மேலே மூலையில் இருக்கிற கேமராவைப் பார்த்தார், அரை நொடிதான், கடையில் திருடாத மனுஷன்கூட காவலாளியைப் பார்ப்பானே, அப்படி. "உக்காரும்மா. முற்றுப்புள்ளி. அடுத்த வரி." உட்கார்ந்தேன். அடுத்த வரியை எழுதினேன்கூட. உணவு விடுதிப் போராட்டம், ரெண்டு மார்க்: கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் வெள்ளையருக்கான இடத்தில் உட்கார்ந்து காபி கேட்டனர், தரவில்லை, கடை மூடும்வரை எழாமல் அமர்ந்திருந்தனர், முற்றுப்புள்ளி. அறுபது வருஷத்தை ஒரே தாவலாகத் தாவிவிட்டார், நடுவில் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, சிரிப்பு அடங்குவதற்குள் வேறு எங்காவது போய்விட வேண்டும் என்பதுபோல.

படிக்கட்டு விஷயத்தைச் சொல்லாவிட்டால் நான் திமிர் பிடித்தவள் என்றுதான் தோன்றும், எனக்கே சில நேரம் தோன்றும். எங்கள் கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டு. கிழக்குப் பக்கம் ஆண்கள், மேற்குப் பக்கம் பெண்கள். ஒரே கிரானைட், ஒரே கைப்பிடி, ஒரே ஃபினாயில் வாசனை, இரண்டிலும் ஒரே பொன்மொழிகள் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நூலகத்தில் எங்களுக்கு ஒரு நாள், அவர்களுக்கு ஒரு நாள். கேன்டீனில் நடுவே பிளைவுட் அடைப்பு, அதில் ஓர் ஓட்டை இருந்தது, அடைத்துவிட்டார்கள், அடைத்த இடம் மட்டும் புது மரமாகத் தெரிகிறது, எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும். பேருந்தில் நாங்கள் முன்னால், அவர்கள் பின்னால், நடுவில் ஒரு வரிசை காலி, யாருமே உட்காராத அந்த சீட்டுகளின் ரெக்ஸின் மட்டும் கிழியாமல் இருக்கிறது. பாதுகாப்புக்குத்தான் கண்ணு, என்பார் மேடம். எதிலிருந்து மேடம், என்று கேட்பேன், மனதுக்குள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், படி ஏறுவதற்கு எதிலிருந்து மேடம் பாதுகாப்பு, படி கடிக்குமா? பெத்தவங்க நம்பி அனுப்பறாங்க கண்ணு. பெத்தவங்க பஸ்ஸில் எல்லோரோடும்தான் மேடம் வருகிறார்கள், சந்தையில் எல்லோரோடும்தான் நிற்கிறார்கள், படிக்க வந்த இடத்தில் மட்டும் ஏன் மேடம்? இப்படி நான் கேட்கக் கேட்க மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், கண்ணு, நான் இத யோசிக்கவே இல்ல, என்பார். அந்த இடத்தில் நான் எப்போதும் ஜெயித்துவிடுவேன். இன்றைக்கு நிஜமாக உள்ளே நின்றபோது, "படிக்கட்டப் பத்தி ஏதோ கேட்டியாமே," என்றார், நான் "ஆமாங்க மேடம்" என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது. ஆமாங்க மேடம்.

அதற்கு முன்னால் அம்சா கேட்டது மனதில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் ஒரு காரணம். அம்சவேணி என் பக்கத்து பெஞ்சு, என் சிநேகிதி, அவள் அம்மா ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறார், எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருவில் அவர்கள் வீடு. இவ்வளவு சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மற்றதெல்லாம் புரிந்துவிடும், ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்துகொண்டே, "நல்லாக் கேட்டடி, கை தட்டலாம்போல இருந்துச்சு," என்றாள். "அப்பறம் ஏன் தட்டல?" "எனக்கு டிகிரி வேணுமே தாயி." சிரித்தோம். நான் ஜெயித்தவள் மாதிரி புளிசாதத்தை அள்ளிக்கொண்டிருந்தேன், படிக்கட்டைப் பற்றி இன்னும் என்னென்ன கேட்டிருக்கலாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, ஊறுகாயை நக்கிக்கொண்டே, சண்டை மாதிரியே இல்லாமல், "ஏண்டி சிந்து, பிரிச்சு வெக்கறதுன்னா என்னன்னு உனக்கு இந்தப் படியப் பாத்துத்தான் தெரிஞ்சுதா?" என்றாள். "ஏன், உனக்கு?" "போன மாசம் நோட்ஸ் வாங்க உங்க ஊட்டுக்கு வந்தனே, உங்கம்மா மோர் குடுத்தாங்கல்ல." "குடுத்தாங்க. அதுக்கென்ன?" "எதுலடி குடுத்தாங்க?" வாயைத் திறந்தேன். எனக்கு எதற்கும் பதில் உண்டு. அதற்குள் ஆபீஸ் அக்கா வாசலில் வந்து நின்று, "சிந்துஜா யாரு? மேடம் கூப்புடறாங்க," என்றார். பதில் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். பாதி சாதம் டப்பாவிலேயே இருக்கிறது, அவள் மூடி வைத்திருப்பாள்.

பேப்பர் கப்பில் கொடுத்தார்கள். எனக்கு டம்ளர், அவளுக்கு பேப்பர் கப். அத்தை மகன் கல்யாணத்துக்கு வாங்கி மீந்தது, ஃபிரிட்ஜ் மேலே பாலித்தீன் உறையோடு நின்றுகொண்டிருக்கும், அம்மா எட்டி உருவியதை நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், "புதுசு கண்ணு, சுத்தமா இருக்கும்," என்று அம்மா சிரித்துக்கொண்டே நீட்டியதையும் பார்த்தேன். விருந்தாளிக்குப் புதுசு என்றுதான் நினைத்தேன். நினைத்தேனா? வேறு யார் வந்தபோது அது இறங்கியது? கரன்ட் பில் குறிக்க வருகிறவர், கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்ய வந்தவர்கள், இவர்களுக்கு இறங்கியது, பெரியம்மா வந்தபோது இல்லை, எதிர்வீட்டுக்காரர் வந்தபோது இல்லை. அதே மோர்தான், அதே கொத்தமல்லி, அதே உப்பு. பிரித்தாலும் சமம், அஞ்சு மார்க். இதை இப்போது யோசிக்க வேண்டாம். இப்போது யோசிக்க வேண்டியது அப்பா. அப்பா வந்தால் என்ன சொல்வது, முதல் வாக்கியம் என்னவாக இருக்க வேண்டும், முதல் வாக்கியத்தில் பிடித்துவிட்டால் மற்றது தானாக வரும், அப்பா, நான் தப்பாக எதுவும் பேசல, பாடத்துல இருந்துதான் கேட்டேன், பாடத்தில் பேப்பர் கப், இல்லை, பாடத்தில் படிக்கட்டு, இல்லை, பாடத்தில் ரயில் பெட்டி. எழுந்திருக்கச் சொன்னார்கள், எழுந்திருக்கவில்லை. அவள் குடித்துவிட்டு அந்தக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தாள். அதையும் நான் பார்த்தேன்.

அப்பாவுக்கு மெல்லப் பேச வராது. போர்வெல் வண்டி, பதினெட்டு வயதிலிருந்து ஆழ்துளை போடுகிற ரிக்கில் நின்றவர், ஆந்திரா, மத்தியப் பிரதேசம், எங்கெல்லாம் தண்ணீர் இல்லையோ அங்கெல்லாம், கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் குரலே அப்படி ஆகிவிட்டது. சோறு போடு என்பதும் சண்டைபோலத்தான் இருக்கும். எனக்குப் பேர் வைக்கும்போது காதில் மெல்லச் சொல்லச் சொன்னார்களாம், இவர் சொன்னது தெருமுனைக்குக் கேட்டதாம், அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பாள். வெளியாட்கள் பயப்படுவார்கள், எனக்கு அந்தக் கத்தல்தான் தைரியம், அவர் கத்துகிறவரை வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் மெல்லப் பேசி ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், கேட்கவில்லை. வினோதினி அக்காவைக் காலேஜிலிருந்து கூட்டி வந்த அன்று. பெரியப்பா மகள், கணக்கு படித்தாள், பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனிடம் குடை வாங்கிப் பிடித்திருந்ததை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். குடை. மழைக்கு. அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவும் பெரியப்பாவும் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள், நான் ஜன்னலில் இருந்தேன், அப்பாவின் உதடு அசைந்தது, ஒரு சொல்கூட என்னிடம் வரவில்லை, அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எனக்குப் பயம் வந்தது. பிறகு பெரியப்பா உள்ளே வந்து அக்காவிடம் நல்லவிதமாகத்தான் சொன்னார். "காலேஜு வேண்டாங்கல. பரீட்சைக்கு மட்டும் போயி எழுதிக்கலாம்." அக்கா நம்பினாள், நானும் நம்பினேன். ஹால் டிக்கெட் வந்தது, அதை அக்கா அடுக்களையில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள். பரீட்சை அன்றைக்கு வாசலில் பெரிய கோலம், கல்யாணப் போட்டோக்காரர் வந்து லைட்டுக் குடையை விரித்தார். அதுவும் குடைதான். இப்போது சத்தியமங்கலத்தில் இருக்கிறாள், எப்போது போன் செய்தாலும் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள், என்ன கொழம்பு, என்பாள், நான் சொல்வேன், இங்க இது, என்பாள், வைத்துவிடுவாள். கணக்கில் அவள் எங்கள் தாலுகாவிலேயே முதல்.

நான் அப்படி இல்லை, என் விஷயம் வேறு, நான் குடை பிடிக்கவில்லை, கேள்வி கேட்டேன். அப்பாவுக்கு நான் பேசுவது பிடிக்கும், "எம்புள்ள வக்கீலுக்குப் படிக்கோணும், வாயிலயே போர் போடுவா," என்று போர்வெல் பட்டறையில் எல்லோரிடமும் சொல்வார். ஆனால் இந்தக் காலேஜும் அவருக்குப் பிடிக்கும், அதுதான் சிக்கல். சேர்மன் எங்கள் ஆள், தூரத்துச் சொந்தம், குலதெய்வம்கூட ஒன்றுதான். "நம்மாளுக காலேஜு, தைரியமா உடலாம்," என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார், சேர்க்க வந்த அன்று இதே படிக்கட்டுகளைப் பார்த்து, "பாரு, பொண்ணுகளுக்குன்னு தனியாக் கட்டியிருக்காங்க," என்று இந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி பெருமைப்பட்டார், நானும் தலையாட்டினேன். அவரிடம் போய் அந்தப் படிக்கட்டைத்தான் கேலி செய்தேன் என்று எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது. கீழே புல்லட் சத்தம். பல புல்லட் இருக்கிறது, எல்லாம் ஒரே மாதிரி சத்தம், ஆனால் நிறுத்தும்போது ஒரு தடவை முறுக்கிவிட்டு நிறுத்துவது அப்பாதான். செருப்புச் சத்தம் கிழக்குப் படியில் வருகிறது, பெற்றோருக்கும் அதே கணக்குதான், அப்பாக்கள் கிழக்கு, அம்மாக்கள் மேற்கு. வெள்ளை வேட்டி. மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார், பட்டறை உடையில் வரவில்லை. என்னைப் பார்த்தார். "என்ன சாமி, சாப்டியா?" என்றார், ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் தலைகள் ஜன்னலுக்குத் திரும்பின, பசங்கள் யாரோ, சாப்டியா சாமி, என்று அதே குரலில் சொல்லிக்காட்டினார்கள், எனக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது, சந்தோஷத்தில், கத்துகிறார், எல்லாம் சரியாக இருக்கிறது. "சாப்ட்டேன்ப்பா," என்றேன். முதல் வாக்கியம் அதற்குள் மறந்துவிட்டது. ஆபீஸ் அக்கா கதவைத் திறந்துவிட்டார். ஏ.சி. குளிர் ஒரு வீச்சு வந்து முழங்காலில் பட்டது. கதவு மூடிக்கொண்டது. என் முகம் திரும்ப வந்தது.

இப்போது கேட்கும். அப்பா பேசினால் இந்தக் கண்ணாடி என்ன, சுவரே தாங்காது. எம்புள்ள என்னங்க தப்பாக் கேட்டுட்டா, என்பார், அப்படித்தான் ஆரம்பிப்பார், வராந்தா முழுக்கக் கேட்கும், மூன்றாம் வருஷ வரலாறு முழுக்கக் கேட்கும், அம்சாவுக்கும் கேட்கும். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏ.சி. இரைகிறது. மேடத்தின் குரல் ஓடுவது தெரிகிறது, சொற்கள் இல்லை, குழாயில் தண்ணீர் போகிற மாதிரி ஒரு ஓட்டம். நடுவில் ஓர் ஆண் இருமல், சேர்மன் ஐயா இருக்கிறார் போல, அவரும் வந்திருந்தால் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. அப்பா குரல் எங்கே? இன்னும் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார், முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார், நல்ல வாதத்துக்கு அதுதான் அழகு. ஆபீஸ் அக்கா தட்டோடு வருகிறார், டீ. தட்டில் தங்க விளிம்பு போட்ட பீங்கான் கப் இரண்டு, சாஸரோடு. பக்கத்தில் ஒரு பேப்பர் கப். அக்கா முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார், ஒரு கணம் கதவு திறந்திருந்தபோது அப்பாவின் முதுகு தெரிந்தது, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார், முதுகு சாயவில்லை, கையை நீட்டினார். மூடிக்கொண்டது. எதுலடி குடுத்தாங்க? நம்மாளுக காலேஜு, குலதெய்வம் ஒண்ணு. புதுசுங்க, சுத்தமா இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இல்லை, சிரிப்பு வருகிற இடத்தில் வேறு ஏதோ வந்தது. கோபப்பட வேண்டும், என் அப்பாவுக்கு ஏன் அதில் கொடுத்தார்கள் என்று உள்ளே பாய்ந்து கேட்க வேண்டும், கேட்டால் அம்சாவுக்கு எதில் கொடுத்தீர்கள் என்று யாராவது திருப்பிக் கேட்பார்கள், யார் கேட்பார்கள், நானே கேட்பேன், இதோ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தனசேகர் சார் வந்தார். வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்து வந்தவர், என்னைத் தாண்டிப் போய், போன இடத்திலேயே நின்று, சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார். அதில் போன செமஸ்டர் பரீட்சை அட்டவணைதான் இருக்கிறது. அதைப் படித்துக்கொண்டே, உதடு அதிகம் அசையாமல், "அந்தத் தீர்ப்ப ஒரே ஒரு நீதிபதி மட்டும் ஒத்துக்கலம்மா," என்றார். நான் நிமிர்ந்தேன். "தனியா எழுதி வெச்சார், இது தப்புன்னு. ரொம்ப வருஷம் கழிச்சு அவர் சொன்னதுதான் சரின்னு ஆச்சு." "நோட்ஸ்ல குடுக்கலையே சார்." "பரீட்சைக்கு வராது." அட்டவணையின் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். இன்னும் ஏதோ சொல்லப் போகிறார், உள்ளே போகப்போகிறார் என்றுகூட நினைத்தேன், கேட்டது நல்ல கேள்விதான், வகுப்பு என் பொறுப்பு, என்று உள்ளே போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பலகையின் கண்ணாடியில் தலைக்கு மேல் இருந்த கேமராவின் சிவப்புப் புள்ளி தெரிந்தது, அவர் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில். "நல்லாப் படிம்மா," என்றார், போய்விட்டார். எங்கே உட்கார்ந்து படிப்பது என்று சொல்லவில்லை.

அப்பா குரல் இன்னும் வரவில்லை. இவ்வளவு நேரமாகிவிட்டது, இன்னுமா கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுந்து போய் கண்ணாடியில் காதை வைத்தால் என்ன, உள்ளிருந்து பார்ப்பார்கள், ஒரு காது கண்ணாடியில் ஒட்டியிருப்பதை சேர்மன் ஐயா டீ குடித்துக்கொண்டே பார்ப்பார். காபி கேட்ட அந்த நான்கு பேர் என்ன செய்தார்கள் அவ்வளவு நேரமும், கடை மூடும்வரை? நோட்ஸில் அமர்ந்திருந்தனர் என்று ஒரு சொல். நூலகத்தில், எங்கள் நாளில், ஒரு பழைய புத்தகத்தில் படம் பார்த்தேன், அவர்களுக்குப் பிறகு வேறு ஊரில் உட்கார்ந்தவர்கள், பின்னால் ஒரு கூட்டம் நின்று சிரித்துக்கொண்டே தலையில் சர்க்கரையைக் கொட்டுகிறது, குழம்பு மாதிரி எதையோ ஊற்றுகிறது, உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கழுத்து வழியாக அது இறங்குகிறது, அவள் கையைக்கூட உயர்த்தவில்லை, துடைக்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வாக்குவாதம்கூட இல்லை. எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை, ஏதாவது திருப்பிச் சொன்னால் என்ன, நானாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டிருப்பேன் என்று நினைத்தேன். இப்போது தெரிகிறது, பேசுவது சுலபம். இந்த பெஞ்சில் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரிய வேலையாக இருக்கிறது, அமர்ந்திருந்தனர் என்பது ரெண்டு மார்க் இல்லை. கதவு திறந்தது.

அப்பா வெளியே வந்தார். கதவு பின்னால் தானாக மூடும்வரை நின்றார். கையில் அந்தக் கப் இருந்தது, பாதி டீயோடு, மேலே ஆடை படிந்து. எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தார், அவர் பார்த்தபடியே நானும் பார்த்தேன், வராந்தாவில் குப்பைத்தொட்டி இல்லை. "மன்னிப்புக் கேட்டாச்சு," என்றார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன், பிறகுதான் புரிந்தது, கேட்டது, குரல்தான் அவருடையதாக இல்லை. அவ்வளவு மெல்ல. முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, ஏலக்காய் வாசனையோடு, அப்பா மெல்லப் பேசினார். "யாருப்பா கேட்டது?" "நாந்தான். நீ கேக்க வேண்டாமாம். நாங் கேட்டாப் போதுமாம்." "எதுக்குப்பா கேட்டீங்க, நான் என்ன..." "உடு சாமி. பெரியவங்க நல்லவிதமாத்தான் சொல்றாங்க. காலேஜ உட்டு எடுக்கச் சொல்லல." கப்பை இடது கைக்கு மாற்றினார். என்னைப் பார்க்கவில்லை, மேற்குப் படிப் பக்கம் பார்த்தார். "பரீட்சைக்கு மட்டும் வந்து எழுதிக்கலாம்."

என்ன கொழம்பு, என்று அக்கா கேட்கிறாள். லைட்டுக் குடை விரிகிறது. எனக்குள் இருந்த வாக்கியங்கள் எல்லாம், இந்த பெஞ்சில் உட்கார்ந்து சேர்த்து வைத்தவை, மேடத்தை மடக்கியவை, சேர்மனை மடக்கியவை, ஒன்றுகூட இல்லை, யாரோ கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்த மாதிரி. "எந்திரி சாமி, போலாம். நான் இந்தப் படில எறங்கறன், நீ அந்தப் பக்கமா வந்துரு," என்றார், அதே குரலில். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க மாட்டேன் என்று முடிவு செய்யவில்லை, எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். "அடுத்த பீரியட் இருக்குப்பா," என்றேன். "சாமி." "அம்சா சாப்பாட்டு டப்பாவ மூடி வெச்சிருப்பா. அவகிட்ட ஒரு பதில் சொல்லோணும்." "யாரு?" "ஊட்டுக்கு வந்தாளே. மோர் குடிச்சாளே, இந்த மாதிரிக் கப்புல." அப்பா கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று போய் வந்தது, என்னவென்று எனக்குத் தெரியவில்லை, கத்தப் போகிறார், கத்தட்டும், கடவுளே கத்தட்டும், வராந்தா அதிரட்டும், நான் உயிர் பிழைத்துவிடுவேன். கத்தவில்லை. குனிந்து, காலடியில் இருந்த என் பையின் ஒரு வாரைப் பிடித்தார். இன்னொரு வாரை நான் பிடித்திருந்தேன், எப்போது பிடித்தேன் என்று தெரியாது. கண்ணாடியில் நாங்கள் இருவரும் தெரிந்தோம், அந்த முகங்களுக்குப் பின்னால் உள்ளே யாரோ எழுந்து கதவை நோக்கி வரும் காலடி கேட்டது. பெஞ்சின் விளிம்பை இன்னொரு கையால் பற்றிக்கொண்டேன். அப்பா இழுக்கவில்லை. விடவும் இல்லை. அவருடைய இன்னொரு கையில் அந்தக் கப் இன்னும் இருந்தது, போட இடம் இல்லாமல்.